நேரயனிச் சோப்பும் நீரில் அதன் கூட்டமும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழாவில் ஏதேனும் பேசுக என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது, இலக்கியம் பற்றியே பேசுவோம் என அவர் எண்ணியிருத்தல் கூடும். இம்மேடையில் வள்ளுவரையும் இளங்கோவையும் கம்பரையும் பற்றி ஆண்டுதோறும் கற்றோர் பலர் பேசியுள்ளனர். அவர்கள் பேசிய இடத்தில் யாமும் அதனையே பேசப் புகுவது, கடல் ஓரத்தில் உப்பு விற்கப் போவதை ஒக்கும். யாமோ மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வேப் பார்சல் அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவர். எமக்குப் பழக்கமான இலக்கியம், சரக்கின்மேல் ஒட்டியுள்ள சீட்டுத்தான்! அச்சீட்டைப் படித்துப் படித்து, வீட்டிலுள்ள புட்டிகளின்மேல் காணும் சிறிய எழுத்துகளையும் படிக்கும் வழக்கம் எமக்கு வந்துவிட்டது.

அங்ஙனம் படிக்கையில், சில பெயர்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டன. புண் கழுவும் மருந்தில் செட்ரிமைடு. தரை துடைக்கும் திரவத்தில் பென்சல்கோனியம் குளோரைடு. வாய் கொப்பளிக்கும் நீரில் செட்டைல் பிரிடினியம் குளோரைடு. தலைக்குக் குளித்தபின் பூசும் கண்டிஷனரில் செட்ரிமோனியம் குளோரைடு. இவை யாவும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இக்குலத்தின் இயல்பை அறியாமல் இவற்றைக் கையாள்வதால் நம் குடும்பங்களில் பணமும் வீணாகிறது. சில வேளைகளில் உடல்நலமும் கெடுகிறது. ஆதலின் நூல்களைப் படித்தும் கற்றோரைக் கேட்டும் யாம் அறிந்துகொண்டதை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

சோப்பின் தலையும் வாலும்

முதலில் நாம் நன்கறிந்த சோப்பை எடுத்துக்கொள்வோம். எண்ணெயையோ கொழுப்பையோ காரத்தோடு சேர்த்துக் காய்ச்சினால் சோப்பு உண்டாகிறது. அதன் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு தலைப்பிரட்டையைப் போன்றது. அதற்கு ஒரு தலை உண்டு. நீண்ட வால் ஒன்றும் உண்டு. வால் எண்ணெயின் இனம், நீரோடு ஒட்டாது. தலையோ நீரை நாடுவது; மின்னேற்றம் உடையது. சாதாரணச் சோப்பில் அத்தலையின் மின்னேற்றம் எதிர்மின்னேற்றமாகும். துணி துவைக்கும் தூள்களிலும் பெரும்பான்மையாக எதிர்மின் தலை கொண்ட பொருள்களே உள்ளன.

நாம் இன்று பேசப்போகும் குலத்தில் தலையின் மின்னேற்றம் நேர்மாறானது. அங்கே நைட்ரசன் அணு ஒன்று நான்கு கரித் தொகுதிகளால் சூழப்பட்டு, நேர்மின்னேற்றத்தோடு நிற்கிறது. ஆதலின் இவற்றை நேரயனிச் சோப்புகள் என்று அழைப்போம். சரியாகச் சொன்னால் இவை சோப்பே அல்ல. ஆயினும் சோப்பைப் போலவே தலையும் வாலும் உடையன என்பதால் அப்பெயர் பொருந்தும்.

இக்குலத்தில் ஆராய்ச்சியாளர் மிகுதியாகப் பயின்றது சீட்டி.ஏ.பி. என்று சுருக்கமாக வழங்கும் செட்டைல் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு ஆகும். செட்டைல் என்பது திமிங்கிலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பதினாறு கரியணுக்கள் கொண்ட அந்த வால், முற்காலத்தில் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த மெழுகில் கண்டுபிடிக்கப்பட்டது. இக்காலத்தில் அதற்குப் பனையெண்ணெய் போன்றவை பயன்படுகின்றன.

புணே நகருக்கு வந்த பேராசிரியர்

இத்தகைய பொருளை நீரில் கரைத்தால் என்ன நிகழ்கிறது? இக்கேள்விக்கு விடை கண்ட பெருமகனார் நாம் வாழும் இந்தப் புணே நகரிலேயே சில ஆண்டுகள் பணியாற்றினார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் ஜேம்ஸ் வில்லியம் மக்பெயின். 1882ஆம் ஆண்டு கனடா நாட்டில் பிறந்தவர். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது சோப்புக் கரைசலை ஆராய்ந்தார். அங்கே அவருக்கு ஒரு முரண்பாடு தென்பட்டது. கரைசலில் தனித்தனித் துகள்கள் எத்தனை உள்ளன என்பதை ஆவியழுத்தம் முதலியவற்றால் அளந்தால், இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவாகத் தோன்றின. மின்சாரத்தைக் கடத்தும் திறனை அளந்தாலோ, அத்தனை குறைவான துகள்களால் அவ்வளவு மின்சாரத்தைக் கடத்த இயலாது என்று தோன்றியது. சரக்குப் பட்டியலில் பத்து மூட்டை. எடை மேடையில் நூறு மூட்டையின் எடை. கணக்கு எழுதும் எம்மைப் போன்றோர்க்கு இம்முரண்பாட்டின் தொல்லை நன்கு விளங்கும்.

மக்பெயின் 1913ஆம் ஆண்டில் அதற்கு ஒரு விளக்கம் கூறினார். சோப்பு மூலக்கூறுகள் நீரில் தனித்து நில்லாமல் பற்பலவாகக் கூடி, மின்னேற்றம் மிக்க சிறு திரள்களாக இயங்குகின்றன என்பதே அது. ஒரு திரள் ஒரே துகளாக எண்ணப்படும். ஆயினும் பல மின்னேற்றங்களைத் தாங்கிச் செல்லும். அத்திரளுக்கு மைசெல் என்று பெயர். சிறு பருக்கை என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள்.

அக்காலத்து அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை. கொழகொழவென்ற சோப்பு நீரில் இவ்வளவு ஒழுங்கு எங்ஙனம் இருக்கும் என்று ஐயுற்றனர். இலண்டனில் அவர் இதனை எடுத்துரைத்தபோது, தலைமை வகித்த அறிஞர் இது வெறும் அபத்தம் என்று தள்ளிவிட்டார் என இத்துறையினர் வழிவழியாகக் கூறுவர். மக்பெயின் சினந்து ஒதுங்காமல் ஆய்வைத் தொடர்ந்தார். 1939ஆம் ஆண்டு இலண்டன் அரச கழகமே அவருக்கு டேவி பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது.

நம் நாடு விடுதலை பெற்றபின் புணேயில் தேசிய இரசாயன ஆய்வுக்கூடம் எழுந்தபோது, அதன் முதல் இயக்குநராக அழைக்கப்பட்டவர் இந்த மக்பெயினே. 1949ஆம் ஆண்டு இங்கு வந்தபோது அவருக்கு வயது அறுபத்தேழு. 1950ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் பிரதமர் நேரு அவர்கள் ஆய்வுக்கூடத்தைத் திறந்து வைத்தார். 1952 வரை இங்கே பணிபுரிந்த மக்பெயின் அடுத்த ஆண்டே காலமானார். பின்னர் 1957இல் அதே பதவியில் அமர்ந்த முதல் இந்தியர், சென்னையிற் பிறந்த சாய வேதியியல் அறிஞர் கே. வேங்கடராமன் ஆவார். பாஷாண் பக்கமாகப் பேருந்தில் செல்லும்போது அவ்வாய்வுக்கூடத்தைக் காணும் நம் பிள்ளைகள் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

கூட்டம் கூடும் அளவு

இனி அந்தக் கூட்டம் எங்ஙனம் கூடுகிறது என்று பார்ப்போம். நீரின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பன. அவற்றின் நடுவே எண்ணெய் வால் ஒன்று புகுந்தால், நீர் தன் கைகளை அதற்கேற்ப வளைத்து ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டியுள்ளது. அவ்வொழுங்கு நீருக்கு ஒரு கட்டுப்பாடு. ஆகவே வால்களை ஒருங்கே ஒதுக்கிவிட்டால் நீருக்கு விடுதலை கிடைக்கிறது. வால்கள் ஒன்றையொன்று விரும்பிக் கூடுவதைவிட, நீர் அவற்றைக் கூட்டி ஒதுக்குகிறது என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

முதலில் இடும் மூலக்கூறுகள் நீரின் மேற்பரப்புக்கு ஓடுகின்றன. அங்கே தலையை நீரில் அமிழ்த்தி, வாலைக் காற்றில் நீட்டி நிற்கலாம். இரயிலில் முதலில் ஏறுவோர் சன்னலோர இருக்கையைப் பிடிப்பதைப் போன்றது இது. இதனால் நீரின் பரப்பு இழுவிசை தளர்கிறது. தூய நீருக்கு 25 பாகை வெப்பநிலையில் 72 அலகாக உள்ள அவ்விழுவிசை, சீட்டி.ஏ.பி. சேரச் சேர ஏறக்குறைய அதில் பாதியளவுக்கு இறங்கிவிடுகிறது. நீர் துணியின் இழைகளுக்குள் எளிதில் ஊடுருவுவது இதனாலேதான்.

மேற்பரப்பில் இடம் நிரம்பி, நீருக்குள் தனித்து நிற்போர் தொகையும் ஓர் எல்லையை எட்டியபின், மேலும் இடும் மூலக்கூறுகள் மைசெல்களாகக் கூடுகின்றன. வால்கள் அனைத்தும் உள்ளே. தலைகள் அனைத்தும் வெளியே. உருண்டையான அவ்வமைப்பு தொடங்கும் செறிவை மாறுநிலை மைசெல் செறிவு என்பர். அதற்குக் கீழே இழுவிசை இறங்கிக்கொண்டே வரும். அதற்கு மேலே ஏறக்குறைய அப்படியே நின்றுவிடும். மின்கடத்தும் திறனும் அவ்விடத்தில் திரும்பிவிடும். தாளில் கோடு வரைந்து பார்த்தால், இரண்டு நேர்கோடுகள் ஒரு முனையில் சந்திப்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

அந்த அளவு மிகச் சிறியது. சீட்டி.ஏ.பி.க்கு ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிராமே போதும். வாலின் நீளத்தை இரண்டு கரியணு குறைத்துப் பதினான்காக்கினால், ஒன்றேகால் கிராம் வேண்டும். பன்னிரண்டாக்கினால் நாலரைக் கிராமுக்குச் சற்று மேல் ஆகும். வாலில் இரண்டு கரியணு கூடும்போதெல்லாம், கூட்டம் கூடுவதற்கு வேண்டிய அளவு ஏறக்குறைய நான்கில் ஒன்றாகிவிடுகிறது. எவ்வளவு எளிய கணக்கு!

ஒரு சீட்டி.ஏ.பி. மைசெல்லில் ஏறக்குறைய தொண்ணூறு மூலக்கூறுகள் இருக்கும். அதன் குறுக்களவு 5 நானோமீட்டர் அளவினது. ஒரு மில்லிமீட்டரை இரண்டு இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. ஒளியலையினும் மிகச் சிறியதாகையால், மைசெல்கள் கோடிக்கணக்கில் நிறைந்திருந்தாலும் கரைசல் தெளிந்தே காணப்படும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். நேர்மின் தலைகள் ஒன்றையொன்று தள்ளுமே. அவை எங்ஙனம் நெருங்கி நிற்கும் என்பது. உண்மைதான். ஆனால் கரைசலில் எதிர்மின் கொண்ட புரோமைடு அயனிகளும் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி மைசெல்லின் மேற்புறத்தைச் சூழ்ந்து, தலைகளின் பகையைத் தணிக்கின்றன. சிறிது உப்பைச் சேர்த்தால் பகை இன்னும் தணியும். முன்னிலும் குறைந்த அளவிலேயே மைசெல்கள் தோன்றும். சோடியம் சாலிசிலேட்டு என்னும் உப்பைச் சேர்த்தாலோ, உருண்டைகள் நீண்டு புழுக்களைப் போலாகி, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். நீர்போல் ஓடிய கரைசல் அப்போது கஞ்சிபோல் இழுபடும்.

வெப்பநிலையும் இதில் ஒரு பங்கு கொள்கிறது. ஏறக்குறைய 25 பாகைக்குக் கீழே சீட்டி.ஏ.பி. நன்கு கரையாது, படிகமாகவே தங்கிவிடும். மைசெல் உண்டாவதற்குப் போதிய மூலக்கூறுகள் நீருக்குள் வருவதில்லை. அதற்கு மேற்பட்டாலோ திடீரென்று மிகுதியாகக் கரையும். இவ்வெல்லைக்குக் கிராஃப்ட் வெப்பநிலை என்று பெயர். இந்நகரின் மார்கழிக் காலையில் இத்தகைய கரைசலைச் சன்னலோரத்தில் வைத்தால் வெண்ணிற ஊசிகள் படிவதைக் காணலாம். கரைசல் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டா. வெதுவெதுப்பான நீரில் புட்டியை வைத்தால் மீண்டும் தெளியும்.

நேர்மின் தலையின் பயன்

இனி வீட்டுக்கு வருவோம். நனைந்த பருத்தித் துணி, தலைமயிர், கண்ணாடி, கல், மணல், பாக்டீரியாவின் மேலுறை ஆகியவை நீரில் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் கொண்டவை. ஆகவே நேர்மின் தலை அவற்றில் போய் ஒட்டிக்கொள்கிறது. நேரயனிச் சோப்பின் எல்லாப் பயன்களும் இந்த ஓர் இயல்பிலிருந்தே பிறக்கின்றன.

கண்டிஷனர் மயிரில் ஒட்டி, வால்களை வெளியே நீட்டி மெழுகுபோல் வழவழப்பாக்குகிறது. சிக்கு எளிதில் பிரிகிறது. துணியை மென்மையாக்கும் திரவமும் அவ்வாறே. அதில் உள்ள மூலக்கூறுகளுக்கு இரண்டு வால்கள் இருக்கும். இரட்டை வால்கள் சிறிய உருண்டைக்குள் அடங்கா. ஆகவே அவை இரட்டைப் படலங்களாக அமைந்து, நுண்ணிய பைகளைப்போல் நீரில் மிதக்கின்றன. நம் உடலின் உயிரணுக்களைச் சூழ்ந்த சவ்வும் இத்தகைய இரட்டைப் படலமே. சாலை போடுவோரும் இவ்வியல்பைப் பயன்படுத்துகின்றனர். நேர்மின் தலை சூழ்ந்த தார்த்துளிகள் நீரில் மிதக்கும் குழம்பைச் சல்லியின்மேல் ஊற்றினால், துளிகள் கல்லைப் பற்றிக்கொள்ள, நீர் பிரிந்து போகிறது.

கிருமியைக் கொல்லும் ஆற்றலும் இதே வழியில் வருவது. ஜெர்மானிய மருத்துவ அறிஞர் கெர்ஹார்ட் டோமாக் 1935ஆம் ஆண்டு பென்சல்கோனியம் குளோரைடின் இவ்வாற்றலை வெளியிட்டார். சல்பா மருந்துக்கு வழிகாட்டி, 1939ஆம் ஆண்டின் நோபெல் பரிசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரும் அவரே. நேர்மின் தலை பாக்டீரியாவின் மேலுறையைப் பற்றுகிறது. வால் அதன் கொழுப்புச் சவ்வுக்குள் நுழைகிறது. சவ்வு பிளந்து உள்ளிருப்பவை கசிந்துவிடுகின்றன. இதே ஆற்றலால் தாவரத்தின் உயிரணுவை உடைத்து மரபுப்பொருளைப் பிரித்தெடுக்கவும் ஆய்வுக்கூடங்களில் சீட்டி.ஏ.பி. பயன்படுகிறது.

கலக்கக் கூடாதவை

தாய்மார்களே! இதுவரை கூறியதெல்லாம் இப்பகுதிக்காகவே. சற்றுக் கருத்தூன்றிக் கேட்க வேண்டுகிறோம்.

நேர்மின் தலையும் எதிர்மின் தலையும் ஒரே வாளியில் சந்தித்தால் என்ன ஆகும்? ஒன்றையொன்று கட்டிக்கொண்டு, நீரில் கரையாத வெண்ணிறத் திரியாகிப் படிந்துவிடும். சோப்பின் அழுக்கு நீக்கும் ஆற்றலும் போயிற்று. மருந்தின் கிருமி கொல்லும் ஆற்றலும் போயிற்று. இரண்டு நல்ல பொருள்களைச் சேர்த்து, இரண்டிலும் மட்டமான ஒன்றைச் செய்துவிடுகிறோம்.

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலம் உங்கள் நினைவில் இருக்கும். இந்தக் குடியிருப்பில் மாடிப்படிகளை நாள்தோறும் துடைத்தனர். ஒரு தொகுதியில், இரட்டைப் பாதுகாப்பு என்று எண்ணி, கிருமிநாசினித் திரவத்தோடு துணி துவைக்கும் தூளையும் ஒரே வாளியில் கலந்து கொடுத்தனர். நல்லெண்ணத்தில் குறையில்லை. வாளியில் நுரை அடங்கி, தயிர் திரிந்ததுபோல் வெள்ளை மிதந்ததை யாம் கண்டோம். அந்நீரைக் கொண்டு கையுறையும் இல்லாமல் நான்கு மாடிகளையும் துடைத்தவர் ஒப்பந்தக்காரரின் கீழ்க் கூலிக்கு வந்த ஒரு பெண்மணி. அவர் பட்ட பாடு அத்தனையும் வெண்திரியோடு வடிகாலுக்குப் போயிற்று. நாமோ படிகள் தூய்மையாயின என்று நம்பிப் பிள்ளைகளை இறங்க விட்டோம். அறியாமையால் வரும் இழப்பு, பெரும்பாலும் அறிவுரை கூறியவரைத் தொடுவதில்லை. வாளியைத் தூக்கியவரையே தொடுகிறது.

ஆகவே சில எளிய விதிகளைக் கூறுகிறோம்.

ஒன்று: தரையையோ படியையோ முதலில் சோப்பு நீரால் கழுவுக. பிறகு நல்ல நீர் விட்டுச் சோப்பு முழுவதையும் அகற்றுக. அதன்பின்னரே பென்சல்கோனியம் கலந்த திரவத்தைப் பயன்படுத்துக. புட்டியில் குறித்துள்ள நேரம் வரை அது தரையில் ஈரமாக நிற்க விடுக.

இரண்டு: பிள்ளைகள் விழுந்து முழங்காலில் சிராய்த்துக்கொண்டால், புண்ணையும் அவ்வாறே முதலில் கழுவிச் சோப்பை நன்கு அலசிய பிறகே செட்ரிமைடு கலந்த மருந்தைப் பயன்படுத்துக. சாவ்லான் போன்றவற்றில் அதனோடு இருக்கும் குளோர்ஹெக்சிடினும் நேர்மின்னேற்றம் உடையதே. அதற்கும் சோப்பு ஆகாது. டெட்டால் திரவம் வேறு இனம். அதிலேயே ஆமணக்கெண்ணெய்ச் சோப்பு உள்ளது. எனவே அவ்விரண்டையும் ஒன்றாகக் கலத்தல் தகாது. ஆழமான புண்ணாயின் மருத்துவரிடம் செல்வதே முறை.

மூன்று: துணியை மென்மையாக்கும் திரவத்தைச் சலவைத் தூளோடு சேர்த்து ஊற்ற வேண்டா. கடைசி அலசலில் மட்டும் இடுக. துவாலைகளுக்கு அதனைத் தவிர்ப்பது நலம். இழைகளின்மேல் எண்ணெய் வால் படிவதால் துவாலை நீரை உறிஞ்சும் தன்மை குறையும்.

நான்கு: மிகுதியாக இட்டால் மிகுதியாகப் பயன் தரும் என்று எண்ண வேண்டா. கலக்காத திரவம் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும், விழுங்கினால் பெருந்தீங்கு. கைக்கெட்டாத உயரத்தில் வைத்தல் வேண்டும். குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுவோமாக. சாக்கடை வழியே ஆற்றை அடைந்தால் மீன்களுக்கும் இவை நஞ்சு.

ஐந்து: இவற்றாலும் கொல்ல முடியாத கிருமிகள் உண்டு. பாக்டீரியாவின் வித்துகள் பிழைத்துக்கொள்ளும். சில பாக்டீரியாக்கள் நீர்த்துப்போன மருந்துக் கரைசலிலேயே வளர்ந்துவிடுவதும் உண்டு. ஆகவே கலந்த கரைசலை நாட்கணக்கில் வைத்திராமல் அன்றன்றே புதிதாகக் கலக்குக.

கை கழுவுவதற்கு நம் வீட்டுச் சாதாரணச் சோப்பே போதுமானது. கொரோனாக் கிருமியின் மேல் கொழுப்புறை ஒன்று உண்டு. சோப்பின் வால்கள் அதனைக் கலைத்துவிடும். அழுக்கும் எண்ணெயும் மைசெல்லின் உள்ளே புகுந்து, நீரோடு போய்விடும். நம் குடியிருப்பின் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சோப்பு நுரைப்பதில்லை என்பது பலரின் குறை. நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து நேர்மின் கொண்டது; அது சோப்பின் எதிர்மின் தலையைப் பற்றிப் படிவாக்கிவிடுவதே காரணம். நேரயனிச் சோப்பை அது ஒன்றும் செய்வதில்லை. இரண்டு திரவங்களை வாளியில் கலந்தபோது நேர்ந்ததும், நாள்தோறும் குளியலறையில் நேர்வதும் ஒரே வகைச் செய்திதான்.

சங்கமும் மைசெல்லும்

அன்பர்களே! விஞ்ஞானத்தைப் பேசிவிட்டு அதிலிருந்து நீதி பிழிவது எமக்கு உடன்பாடு அன்று. மூலக்கூறுக்கு மனமும் இல்லை, மொழியும் இல்லை. ஆயினும் இம்மேடையில் நின்றுகொண்டு, இக்கூட்டத்தைக் காணும்போது ஓர் ஒப்புமை தோன்றாமல் இல்லை.

மைசெல் ஒரு கோட்டை அன்று. அதற்குச் சுவர் இல்லை, கதவு இல்லை. நாம் ஒரு முறை கண்ணிமைக்கும் நேரத்திற்குள், அதிலுள்ள மூலக்கூறுகள் வெளியேறுவதும் புதியன உட்புகுவதும் பல முறை நிகழ்ந்துவிடுகின்றன. ஆனால் கூட்டம் நிற்கிறது. இரயில்வேக் குடியிருப்பில் வாழும் நமக்கு இது புதிதா? மாற்றல் உத்தரவு வந்ததும் ஒரு குடும்பம் சோலாப்பூருக்கோ நாகபுரிக்கோ மூட்டை கட்டுகிறது. அடுத்த வாரமே ஈரோட்டிலிருந்தோ அரக்கோணத்திலிருந்தோ ஒரு குடும்பம் வந்து இறங்குகிறது. அன்று சங்கத்தைத் தொடங்கிய பெரியோருள் பலர் இன்று இந்நகரில் இல்லை. சங்கம் இருக்கிறது.

மைசெல்லின் தலைகள் நீரை நோக்கியே நிற்கின்றன. நாமும் கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் மராத்தியிலும் இந்தியிலும் பேசி, இம்மண்ணின் மக்களோடு இணங்கியே வாழ்கிறோம். அவ்வாறே வாழ்தல் வேண்டும். வீட்டுக்குள்ளும் சங்கத்துக்குள்ளும் தமிழ் பேசுகிறோம். ஒன்று மற்றொன்றுக்குப் பகை அன்று. நீரை நோக்கும் தலைகள் இல்லையேல், உள்ளிருக்கும் வால்களும் கூடி நிற்க இயலாது.

ஆனால் கூட்டம் கூடுவதற்கு ஓர் அளவு உண்டு என்றோம் அல்லவா? அதனை மறக்கலாகாது. நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் முன்பு அறை நிறையப் பிள்ளைகள் இருந்தனர். இப்போது வருவோர் ஒரே விசிப்பலகையில் அமர்ந்துவிடுகின்றனர். வீட்டுப்பாடம், டியூஷன், கைப்பேசி என்று காரணங்கள் பல; அவற்றைக் குறைகூற யாம் வரவில்லை. எண்ணிக்கை ஓர் எல்லைக்குக் கீழே போய்விட்டால், எஞ்சிய இரண்டொருவர் எத்தனை ஆர்வம் உடையவராயினும் வகுப்பு என்பது இல்லாமற் போகும். ஆசிரியைக்கும் ஊக்கம் குன்றும். எல்லைக்குச் சற்று மேலே இருந்தாலோ, புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளையும் தானே அக்கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். வருகின்ற ஞாயிறு முதல், இங்குள்ள குடும்பங்கள் தம் பிள்ளையோடு அண்டை வீட்டுப் பிள்ளை ஒன்றையும் அழைத்து வந்தால், அந்த எல்லையைக் கடந்துவிடலாம். நேரமும் இடமும் அறிவிப்புப் பலகையில் உள்ளன.

அதே பலகையில், கலக்கக் கூடாத பொருள்களின் பட்டியல் ஒன்றைத் தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் எழுதி ஒட்ட யாம் ஒருப்பட்டிருக்கிறோம். படி துடைக்க வரும் பெண்மணிக்குக் கையுறை வாங்கித் தரச் சங்கம் முன்வந்தால், அதனையும் இவ்விழாவின் நற்பயனாகக் கொள்வோம்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!